கடற்கரைக் குடிலும் நம் கடமையும்

உழைப்பின் உயர்வைப் பற்றி நமக்குக் கல்லூரி போதித்தது மிகுதி. ஓய்வைப் பற்றிப் போதித்தது குறைவு. குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு அமர்ந்து, சோதனைக்கெனப் படித்து, உத்தியோகத்துக்கெனச் சோதனை எழுதி வளர்ந்த தலைமுறையினர் நாம். அத்தகையோர் பலர் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் தொரந்தோவிலும் சிட்னியிலும் வாழ்ந்து, ஆண்டுக்கொரு முறை விடுமுறை கொண்டு ஊர் திரும்பும்போது, ஓய்வையும் ஓர் அலுவலாகவே செய்து முடிக்கின்றனர். எங்கே தங்குவது, எதனைக் காண்பது, எத்தனை நாளில் முடிப்பது என்பனவெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்படுகின்றன. தாம் பெறும் ஓய்வு யாருடைய உழைப்பினால், எந்த நிலத்தின் பொறுமையினால் கிடைக்கின்றது என்னும் வினாவுக்கு மட்டும் அந்த நிரலில் இடமில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையிலே, சிறப்பாகக் கற்பிட்டிக் குடாநாட்டிலே, 2009 இல் போர் ஓய்ந்த பின்னர் "இயற்கையோடு இயைந்த குடில்கள்" எனப்படுவன பெருகலாயின. ஆலங்குடாவிலும் கண்டக்குழியிலும் களப்பின் ஓரங்களிலும் இவற்றைக் காணலாம். கிடுகு வேய்ந்த கூரை, மண் மெழுகிய அல்லது சுண்ணம் பூசிய சுவர், மரக்கட்டில், கொசுவலை, முற்றத்திலே தென்னைகளுக்கிடையே கட்டிய ஊஞ்சல் என்பன இவற்றின் இலக்கணம். நம் பாட்டன்மார் வறுமையினால் வாழ்ந்த வீட்டிலே நாம் செல்வத்தினால் வாழப் பணம் கொடுக்கின்றோம் என்று நகைப்பாரும் உளர். யான் நகைக்க மாட்டேன். ஓய்வு ஒரு தேவை. அதற்கு இயற்கையை நாடுவது நன்று. ஆயினும், "இயற்கையோடு இயைந்தது" என்பது கூரையைப் பற்றிய சொல்லா, ஒழுக்கத்தைப் பற்றிய சொல்லா என்பதனை ஆராயாது பணம் கொடுப்பது, கற்றவர்க்கு அழகன்று.

முதற்கண் இடத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் சூழ, இடையிலே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நிலமே கற்பிட்டிக் குடாநாடு. அதன் முனைக்கு அப்பால், தீவுகள் பல சிதறிக் கிடக்கின்றன. களப்புக்கு வடகிழக்கே வில்பத்துக் காடு. தெற்கே வந்தால் முந்தல் களப்பு, உடப்பு, ஆனைவிழுந்தான் குளங்கள், சிலாபம். உப்புத்தளம் என்பதே புத்தளமென மருவிற்று என்று கூறுவாருமுளர். பாலாவியின் உப்பளங்களைக் கண்டோர்க்கு அப்பெயர் பொருத்தமென்றே தோன்றும்.

தமிழர் வரலாற்றுக்கும் இக்கரைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1344 ஆம் ஆண்டிலே மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபுன் பதூதா வந்திறங்கிய "பத்தாலா" என்னும் பட்டினம் புத்தளமே என அறிஞர் பலர் கருதுவர். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதாகவும், கரையெங்கும் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததாகவும், அரசன் முத்துக்களைக் காட்டியதாகவும் அவர் தம் பயண நூலிற் குறித்துள்ளார். ஐந்நூறு ஆண்டுகளின் பின் இதே கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் இலங்கையின் ஊர்களைப் பற்றிய அகராதியொன்றையும், 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாற்று நூலொன்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாற்றை எழுத முன்வந்தோருள் முன்னோடியாகிய ஒருவர் பிறந்த மண்ணை, குளிப்பதற்கும் படகோட்டுவதற்கும் உரிய மணல் என்று மட்டும் நாம் அறிந்திருத்தல் ஆகாது.

இனி, அங்கே கிடைக்கும் ஓய்வின் தன்மை யாது? சென்ற ஆண்டு களப்போரக் குடிலொன்றிலே மூன்று இரவுகள் தங்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளனுக்குக் கிட்டியது. மாலை ஆறரைக்குப் பின் இருள் இருளாகவே இருந்தது. இரண்டு விளக்குகள், அவையும் சூரிய ஒளியிற் சேமித்த மின்னால் எரிவன. முதல் நாள் அந்த இருள் அச்சுறுத்தியது. இரண்டாம் நாள் உறக்கம் தந்தது. மூன்றாம் நாள் வானத்து மீன்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பழைய ஆசையைத் தந்தது. விடியற்காலையிலே களப்பில் மீனவர் வலை இழுக்கும் ஒலியும், நாரைகள் சேற்றில் இறங்கும் ஒலியுமே அங்கே மணியோசை. எழுபதை அணுகும் ஒருவனுக்கு மருந்துகள் தராத ஓர் அமைதியை அம்மூன்று நாட்களும் தந்தன. ஆதலால் இக்குடில்களுக்கு எதிராக யான் வழக்குரைக்க வரவில்லை. அவை நல்லவையாய் இருத்தல் வேண்டும் என்பதற்காகவே வருகின்றேன்.

நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருளாக இரங்கலைத் தொல்காப்பியர் வகுத்தார். கடலுக்குச் சென்றவன் திரும்புவானோ என்று கரையில் நிற்பவர் கொள்ளும் கவலை அது. இன்பம் தேடிச் செல்லும் நாம், ஏங்குவதற்கென இலக்கணம் வகுக்கப்பட்ட நிலத்துக்கே செல்கின்றோம் என்பதை மறத்தலாகாது. அங்கே வாழ்வோர்க்குக் கடல் காட்சிப்பொருளன்று, அன்றாடச் சோறு.

அவர்கள்தாம் இயற்கையோடு இயைந்த குடிலின் உண்மையான ஆசிரியர்கள். "வாடி" என்னும் சொல்லை நம் கரையோரத்தவர் யாவரும் அறிவர். பருவக்காற்று மாறும்போது, நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய பகுதிகளிலிருந்து மீனவர் குடும்பங்கள் கற்பிட்டித் தீவுகளுக்குப் பெயர்ந்து வந்து, கம்புகளை நட்டுக் கிடுகு வேய்ந்து, அங்கே தங்கி மீன்பிடித்துக் கருவாடு போடுவர். காற்று மாறியதும் தம் ஊர் திரும்புவர். சோளகம் வீசும் காலத்திலே ஒரு கரை; வாடை வீசும் காலத்திலே மறு கரை. கம்பும் கிடுகும் மணலும் அந்த நிலத்துக்கு அந்நியமல்ல. வாடியைப் பிரித்தால் சில மாதங்களில் அதன் சுவடே தெரியாது. வந்தவன் போனபின் நிலம் முன்போலவே இருத்தல் வேண்டும் என்னும் நியதியை எந்தச் சட்டமும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

நம் முன்னோர் தலயாத்திரை செல்லும் வழியிலே அமைத்த மடங்களும் இத்தகையனவே. முன்னேஸ்வரத்துக்கு யாத்திரை சென்றோர் ஒரு திண்ணையிலே படுத்து, ஒரு கிணற்றிலே நீர் அள்ளி, ஒரு வேளை சமைத்து, அடுத்து வருவோனுக்காக இடத்தைப் பெருக்கிவிட்டுச் சென்றனர். மடத்தில் தங்கியவன் தன்னை விருந்தாளி என்று கருதினானேயன்றி, வாங்கியவன் என்று கருதியதில்லை. வாடியும் மடமும் நமக்குத் தரும் அளவுகோல் இதுவே. இவ்வளவுகோலைக் கொண்டு இன்றைய குடில்களை நீரிலும் மரத்திலும் கடலிலும் மக்களிலும் வைத்து அளந்து பார்ப்போம்.

முதலாவது நீர். இதனை யாழ்ப்பாணத்தார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் இளைஞர்க்காகச் சொல்கின்றேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. கற்பிட்டிக் குடாநாட்டிலும் ஆறில்லை. நமக்குச் சுண்ணாம்புக் கல்லிலும் அவர்களுக்கு மணலிலும் மழைநீர் ஊறி, கனமான உவர்நீரின்மேல் இலேசான நன்னீர் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. ஒல்லாந்தர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் நூறாண்டுகளுக்கு முன்னரே தனித்தனியே கண்டறிந்த கணக்கொன்று உண்டு: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரைக்கும் நன்னீர் நிற்கும். இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் விளையும். மேலே ஓரடி நீரை இறைத்துத் தாழ்த்தினால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலெழ முயலும். அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு உப்பாவது ஏன் என்பதற்கு இதுவே விடை.

கற்பிட்டியின் நீர்வில்லை ஏற்கெனவே தளர்ந்திருப்பது. மிளகாய், வெங்காயம், மரக்கறி ஆகியவற்றைச் செறிவாகப் பயிரிடும் நிலம் அது. மணலில் இட்ட உரம் மழையோடு கீழிறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றாகக் கலப்பதை ஆய்வாளர் நெடுங்காலமாகவே எடுத்துக்காட்டி வருகின்றனர். மலக்குழியின் கழிவும் மணலில் விரைந்து இறங்கும். இந்நிலையில் உல்லாசப் பிரயாணி வருகின்றான். காற்றாடியைப் பற்றிக்கொண்டு நீரிற் சறுக்கும் விளையாட்டுக்காக வெளிநாட்டார் கூடுவது பெரும்பாலும் வைகாசி முதல் ஐப்பசி வரையிலான சோளகக் காலத்தில். அப்பகுதிக்கு மழை தருவதோ அதன் பின்வரும் மாதங்களே. வானம் கொடாத காலத்திலேதான் விருந்தாளி மிகுதியாகக் கேட்கின்றான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள நீச்சற்குளம் எழுபத்தைந்து கன மீற்றர் நீர், அதாவது 75,000 லீற்றர் கொள்ளும். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 500 லீற்றர் செலவழிப்பதாகக் கொண்டால், அந்நீர் அக்குடும்பத்துக்கு 150 நாட்களுக்குப் போதும். கடலும் களப்பும் இருபுறமும் கிடக்க, நடுவிலே நன்னீரில் நீந்துவதற்கு ஒரு குளம் வெட்டிவிட்டு, அதன் கரையில் கிடுகுக் கூரை போட்டு, அதனை இயற்கையோடு இயைந்ததென விளம்பரம் செய்வது எவ்வளவு பொருந்தும்?

மேற்சொன்ன குடிலிலே குளமில்லை. வாளியும் செம்புமே இருந்தன. சொந்தக்காரர் முதல் நாளே, "ஐயா, கிணறு எனக்கு மட்டும் சொந்தமில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் இதே தண்ணீர்தான். வாளிக் கணக்கில் குளியுங்கள்" என்றார். பொறியியலார் எழுதும் பக்கங்களை அம்மனிதர் மூன்று வசனத்தில் அடக்கிவிட்டார்.

இரண்டாவது மரம். களப்பின் ஓரமெங்கும் நிற்கும் கண்டல் காட்டைச் சேற்றுப் புதர் என்று இகழ்ந்த காலம் ஒன்றிருந்தது. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அதன் வேர்களுக்கிடையே வளர்கின்றன. கரை அரிப்பை அது தடுக்கின்றது. காற்றிலுள்ள கரியைச் சேற்றுக்குள்ளே நூற்றாண்டுக் கணக்காகப் புதைத்து வைக்கின்றது. இதை நாம் இழந்து கற்றோம். 1980 களில் தொடங்கி, சிலாபம் முதல் புத்தளம் வரை, இறால் வளர்ப்புக் குளங்கள் வெட்டுவதற்காகக் கண்டல் காடுகள் அழிக்கப்பட்டன. பணம் கொழித்தது, ஆண்டுகள் சிலவே. பண்ணைகள் பல ஒரே ஒல்லாந்தர் கால்வாயிலும் அதனோடிணைந்த களப்புகளிலும் நீர் எடுத்து, அழுக்கு நீரை அவற்றுக்கே விட்டன. எடுப்பவரும் விடுபவரும் ஒருவராயிருப்பின் எச்சரிக்கை தோன்றியிருக்கும். ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்தமையால் எவரும் பொறுப்பேற்கவில்லை. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது, அந்நீர்வழியே பண்ணைக்குப் பண்ணை பரவிற்று. கைவிடப்பட்ட குளங்களை இன்றும் அவ்வழியே காணலாம். காடுமில்லை, இறாலுமில்லை.

இக்கதையை நினைவூட்டுவது குடில்காரரைக் கடிந்துகொள்வதற்காகவன்று. உல்லாசப் பயணத் தொழிலும் அதே பாதையிற் செல்லக்கூடும். பொதுவான ஒன்றைத் தனித்தனியே எடுத்து, தனித்தனியே இலாபமடைந்து, இழப்பை மட்டும் பொதுவில் விடும் எத்தொழிலுக்கும் முடிவு ஒன்றே. திருத்தமும் இம்மாவட்டத்திலேயே தொடங்கியது என்பது ஆறுதல். சுதீச என்னும் சிறுமீனவர் அமைப்பு, சீக்கோலொஜி என்னும் அமெரிக்க நிறுவனத்தின் உதவியோடும் அரசின் ஒத்துழைப்போடும், நாட்டின் கண்டல் காடுகள் முழுவதையும் காக்கும் திட்டமொன்றை 2015 இல் ஆரம்பித்தது. கண்டலைக் காக்கும் ஊர்ப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்குவது அதன் வழி. 2016 இல் சிலாபத்தை அடுத்த பம்பலையிலே கண்டல் மரங்களுக்கென ஓர் அரும்பொருட்காட்சிச்சாலையும் திறக்கப்பட்டது. நம் மாணவர் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் சுற்றுலாச் செல்கின்றனர். ஒரு முறை அங்கேயும் சென்று வரலாமன்றோ?

மூன்றாவது கடல். முத்துக் குளித்த காலத்திலே, கடலடிப் பாறைத் திட்டைப் "பார்" என்று வழங்கினர் நம்மவர். கற்பிட்டிக்கு அப்பால் கிடக்கும் பெரும் பவளப்பாறைத் தொகுதி 1992 இல் கடற் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் பரப்பு 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. 1998 இல் கடல் அளவுக்கு மிஞ்சிச் சூடேறியபோது அதன் ஆழங்குறைந்த பகுதிப் பவளம் பெரும்பாலும் வெளிறி இறந்தது. பின் மெல்ல மெல்லத் தேறிய அது, 2016 இல் மீண்டும் வெளிறிற்று. உலகம் சூடேறுவதைக் கற்பிட்டி மீனவன் தடுக்க முடியாது. நாமும் தனித்துத் தடுக்க முடியாது. ஆயினும் நோயாளியின் மார்பின்மேல் ஏறி நிற்காதிருக்க நம்மால் முடியும். நங்கூரத்தைப் பவளத்தின்மேல் வீசாதிருத்தலும், கால் ஊன்றி மிதியாதிருத்தலும், உடைத்து நினைவுப் பொருளாகக் கொண்டுவராதிருத்தலும் எவருக்கும் இயலுவன.

கார்த்திகை முதல் பங்குனி வரை கடல் அமைதியுறும் காலத்திலே, ஓங்கல்கள் நூற்றுக்கணக்கிற் கூட்டமாய்த் துள்ளுவதைக் காணக் கற்பிட்டிக்குப் பெருந்திரளானோர் செல்கின்றனர். காண்பது தவறன்று. பத்துப் படகுகள் இயந்திரம் முழங்க ஒரே கூட்டத்தைச் சுற்றி வளைத்துத் துரத்துவதுதான் தவறு. இதிலே படகோட்டியை மட்டும் பழிப்பது முறையாகாது. "இன்னும் கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ" என்று பின்னாலிருந்து ஏவுபவன் பயணியே. கிட்டப் போகாத படகோட்டிக்குக் கூலியோடு சற்று மிகுதியாகவும் கொடுக்கும் வழக்கத்தை நம்மவர் தொடங்கினால், ஓராண்டில் அக்கடலின் ஒழுக்கம் மாறும்.

நான்காவதும் முதன்மையானதும் மக்கள். கரைவலை இழுப்போர்க்குப் "பாடு" என்றொரு உரிமை உண்டு. இன்ன கரைத்துண்டில் இன்னார் வலை வளைக்கலாம் என்று பரம்பரையாக வந்த ஒழுங்கு அது. வேலியடைத்த ஒரு விடுதி கரையை மறித்தால், பாடு போகும். பாடு போனால் சம்மாட்டியின் வருமானம் மட்டுமன்று, வலையிழுக்கும் இருபது முப்பது கூலிகளின் அடுப்பும் அணையும். கற்பிட்டியின் 14 தீவுகளை உல்லாசப் பயணத் தளங்களாக்கும் பெருந்திட்டமொன்றை அரசு வகுத்தபோது, கடற்றொழிலாளர் காணிக்காகவும் கரைக்காகவும் குரலெழுப்பியது இக்காரணத்தாலேயே. வாடி போட்டு வாழ்ந்தவனுக்கு உறுதிப் பத்திரம் இல்லை; ஆனால் பத்திரம் இல்லாமை உரிமை இல்லாமையாகாது.

இங்கே மற்றொன்றையும் சொல்லாது விடுதல் மனச்சாட்சிக்கு ஒவ்வாது. 1990 ஒக்டோபரிலே வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பல்லாயிரவர் தஞ்சம் புகுந்தது இப்புத்தளம் மாவட்டத்திலேயே. நம்மோடு ஒரே சந்தையில் வாங்கி விற்றவர்கள், நம் தெருக்களுக்கு அடுத்த தெருக்களில் வாழ்ந்தவர்கள், கையிற் பையோடு சென்று இந்த மணலிற் கிடுகுக் குடில் அமைத்தனர். அவர்கள் ஓலைக் குடிலில் வாழ்ந்தது ஓய்வுக்காக அன்று, ஆண்டுகள் பல. அவர்களை ஏற்று, தம் கிணற்று நீரையும் தம் பள்ளிக்கூட வாங்குகளையும் பகிர்ந்தவர்கள் இக்கரையின் பழைய மக்கள். எனவே புத்தளக் கரையிலே ஓலைக்கூரையின்கீழ் இன்பமாய் உறங்கும் வடபுலத்தான், அவ்வூரவர்க்குப் பணம் கொடுத்துவிட்டேன், கணக்குத் தீர்ந்தது என்று எண்ணலாகாது. பணத்தால் தீராத கடன் ஒன்று அங்கே நமக்குண்டு. குறைந்தபட்சம், அவ்வூர்க் கிணறுகளை உவராக்காதிருப்பது அக்கடனின் வட்டியாகும்.

இவ்விடத்தே ஒரு தடை எழலாம். "நுரைச்சோலையிலே 900 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் நிற்கின்றது; அதன் தூசு பற்றி அயற்கிராமத்தார் முறையிடுகின்றனர். 2017 இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்த பின், கொழும்பின் குப்பையையெல்லாம் அருவக்காட்டுக்கு அனுப்பத் திட்டமிட்டார்கள். புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். இப்பெருங்கேடுகளை விட்டுவிட்டு, பத்து அறையுள்ள குடிலையும் அதில் இரண்டு நாள் தங்குபவனையும் அதட்டுவது என்ன நியாயம்?" என்று கேட்பர்.

தடை வலிமையுடையதே. ஆயினும் அதற்கு விடையுண்டு. அந்த மின்சாரத்தை எரிப்பவர் யார்? அந்தக் குப்பையைக் குவிப்பவர் யார்? கொழும்பிலே குளிரூட்டிய அறையிலிருந்து சலித்துப்போய், "இயற்கை வேண்டும்" என்று புத்தளத்துக்கு வருகின்றவரே. நம் நகர வாழ்வின் புகையையும் குப்பையையும் ஏற்கும் ஒரு மாவட்டத்திடமே நம் களைப்பையும் ஆற்றித் தருமாறு கேட்கின்றோம். பெருங்கேட்டைச் செய்யும் கை வேறு, சிறு இன்பத்தைத் தேடும் கை வேறு அல்ல. மேலும், நிலக்கரி நிலையத்தை மாற்ற அரசு வேண்டும், காலம் வேண்டும், கோடிக்கணக்கிற் பணம் வேண்டும். எந்தக் குடிலில் தங்குவது என்பதை மாற்ற நம் மனம் ஒன்றே போதும். சிறியதைச் செய்ய மறுப்பவன் பெரியதைப் பற்றிப் பேசுவது வெறும் மேடைப் பேச்சு.

மற்றொரு தடையும் உண்டு. "இவ்வளவு வினாக்கள் எழுப்பினால் எவரும் அங்கே செல்லார், அவ்வூரவர் பிழைப்புக் கெடும்" என்பது அது. அவ்வாறன்று. செல்லற்க என்று யான் கூறவில்லை. கேட்டுச் செல்க என்கின்றேன். நீர் எங்கிருந்து வருகின்றது, கழிவு எங்கே போகின்றது, இக்குடிலுக்காகக் கண்டல் வெட்டப்பட்டதா, கரைக்குச் செல்லும் வழி மீனவர்க்குத் திறந்திருக்கின்றதா, சமைப்பவரும் படகு ஓட்டுபவரும் இவ்வூரவரா என்னும் ஐந்து வினாக்களே போதும். நேர்மையான குடில்காரர் இவற்றுக்கு மகிழ்ந்து விடையளிப்பார். ஏனெனில், அவர் நீச்சற்குளம் வெட்டாது விட்டதன் மதிப்பை அறிந்து வந்த முதல் விருந்தாளி நீராயிருக்கலாம். விடை சொல்லத் தயங்குபவரும் அடுத்த ஆண்டுக்குள் விடை தேடுவார். வாங்குவோர் கேட்கும் கேள்வியைப்போல் வணிகரைத் திருத்துவது வேறொன்றில்லை.

இது புத்தளத்தோடு முடியும் செய்தியுமன்று. இன்று கற்பிட்டிக்கு நேர்வது நாளை நம் தீவுகளுக்கும் நேரும். காரைநகரின் கசூரினாக் கரைக்கும், நன்னீர் அருமையான நெடுந்தீவுக்கும், வடமராட்சி கிழக்கின் மணற்பரப்புக்கும், மன்னாருக்கும் விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டனர். பூட்டிக் கிடக்கும் பூர்வீகக் காணியிலே நாலு குடில் போட்டால் என்ன என்று பழைய மாணவர் சிலர் எண்ணுவதும் இயல்பே. போடட்டும், நம்மவர் முதலீடு நம் மண்ணுக்கு வேண்டியதே. ஆனால் வாடியின் இலக்கணத்தோடு போடட்டும். கூரைநீரைத் தொட்டியிற் சேர்த்துப் பயன்படுத்துக. கிணற்றிலே துலாவோ சிறு இயந்திரமோ போதும். இரவுபகலாய் இறைக்கும் பெரிய இயந்திரம் வேண்டா. மலக்குழியை அடிமூடியதாகக் கட்டுக. தாழையையும் கண்டலையும் வெட்டாது அவற்றுக்குப் பின்னே வீடு அமைக்க. கரைக்குச் செல்லும் ஒழுங்கையை அடையாது விடுக. இவை யாவும் நம் பாட்டனுக்குத் தெரிந்தவை. நாம்தான் பட்டம் பெற்று மறந்தோம்.

கல்லூரிக்கும் இதிற் பங்குண்டு. புவியியல் ஆசிரியர் தம் மாணவரை ஒரு மாரியிலும் ஒரு கோடையிலும் கற்பிட்டிக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள கிணற்று நீரின் உவரையும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரின் உவரையும் அளந்து ஒப்பிடச் செய்யலாம். வேதியியற் கூடத்திலே இதற்கு வேண்டிய கருவிகள் யாவும் உள. தமிழாசிரியர் நெய்தற் பாடத்தை ஒருமுறையேனும் நெய்தல் நிலத்திலே வைத்துப் படிப்பிக்கலாம். பழைய மாணவர் சங்கம் இச்சுற்றுலாவுக்குப் பொருளுதவி செய்யலாம். அங்கே மாணவர் ஊரவர் வீடுகளிலும் எளிய குடில்களிலும் தங்கி, புத்தளத்துப் பாடசாலை மாணவரோடு ஒரு நாள் கலந்துரையாடுவாராயின், பாட நூல்களில் இல்லாத ஒரு பாடத்தையும் படித்து வருவர்: நம்மைப் பிரிந்து சென்றோரின் பேரப்பிள்ளைகள் நம் மொழியிலேயே நம்மை வரவேற்பர் என்பதே அது.

நம் கல்லூரியின் விழா மலரிலே சாதனைகள் பல பேசப்படும், பேசப்படுதல் வேண்டும். பரிசு பெற்றோர், பதவி பெற்றோர், பாராளுமன்றம் சென்றோர் யாவரும் நம் பெருமையே. ஆயினும் கல்வி ஒருவனை எவ்வாறு உழைக்கச் செய்தது என்பதோடு, அவன் எவ்வாறு ஓய்வெடுக்கின்றான் என்பதையும் கொண்டு ஒரு கல்லூரியை மதிப்பிடலாம் என்பது என் துணிபு. உழைக்கும்போது அவனை மேலதிகாரி பார்க்கின்றான். ஓய்வெடுக்கும்போது எவரும் பார்ப்பதில்லை. எவரும் பாராதபோது அவன் எவ்வளவு நீர் அள்ளுகின்றான், எதை மிதிக்கின்றான், யாருக்கு வழிவிடுகின்றான் என்பதிலேதான் அவன் கற்றது தெரியும்.

ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறைக்குக் கற்பிட்டிக்குச் செல்க, களப்போரத்திற் கண்ணயர்க, ஓங்கல்கள் துள்ளுவதைத் தொலைவில் நின்று கண்டு மகிழ்க. திரும்பும்போது, வாடி பிரித்துச் செல்லும் மீனவன்போல், மணலில் உம் சுவடு மட்டும் இருக்கட்டும். அதனையும் அடுத்த அலை அழித்துவிடும்.